ஈக் அவுட்: குறைவதோடு ஒன்றைக் கூட்டும் வினைச்சொல்

இப்பகுதியில் இம்முறை நாம் பயிலவிருப்பது மூன்றே எழுத்துகளால் ஆன ஓர் ஆங்கில வினைச்சொல். ஈ, கே, ஈ என்று எழுதி 'ஈக்' என்று ஒலிக்க வேண்டும். இது தனித்து வருவது அரிது. 'அவுட்' என்னும் சிறுசொல்லைத் துணைக்கு அழைத்துக்கொண்டு 'ஈக் அவுட்' என்றே பெரும்பாலும் வரும். ஆங்கில நாளிதழ்களில் அவ்வப்போது கண்ணில் படும். பேச்சில் கேட்பது மிக அரிது. இத்தகைய சொல்லைப் பொருள் தெரிந்துவிட்டதாக எண்ணிக் கடந்துவிடுவது எளிது. அப்படிக் கடந்துவிட்ட ஒருவனால் ஓர் அம்மையாருக்கு நேர்ந்த இழப்பை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன். அந்த ஒருவன் நானே.

1983 ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மேற்கு வங்காளத்தில், நீண்ட ரயில் நடைமேடைக்குப் பெயர்பெற்ற கரக்பூரில், ஒரு வங்கிக் கிளையில் இளநிலை அலுவலராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வங்காளமும் தெரியாது, இந்தியும் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆகவே ஆங்கிலத்தில் வரும் கடன் மனுக்களை என் மேசைக்கு அனுப்பிவிடுவது கிளையின் வழக்கம். ரயில்வே குடியிருப்பில் அந்நாளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. அக்குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த, கணவரை இழந்த அம்மையார் ஒருவர், அடுப்பு ஒன்று வாங்க 3,500 ரூபாய் கடன் கேட்டு மனு அளித்திருந்தார். அழகிய சாய்வெழுத்தில் ஒரே பக்கக் கடிதம். அதன் நடுவில் இருந்த வாக்கியம் இது:

"ஐ ஈக் அவுட் மை லேட் ஹஸ்பண்ட்ஸ் ரயில்வே பென்ஷன் பை பேக்கிங் கேக்ஸ்."

'ஈக் அவுட் எ லிவிங்' என்ற தொடரை நான் நாளிதழ்களில் படித்திருந்தேன். வறட்சி பாதித்த மாவட்டங்களைப் பற்றிய கட்டுரைகளில் அது தவறாமல் வரும். வயிற்றைக் கழுவுதல், அரும்பாடுபட்டுக் காலம் தள்ளுதல் என்பதே அதன் பொருள் என்று மனத்தில் பதித்து வைத்திருந்தேன். எனவே அம்மையாரின் வாக்கியத்தை, 'என் கணவரின் ஓய்வூதியத்தைக் கொண்டு எப்படியோ காலம் தள்ளுகிறேன்' என்று படித்துக்கொண்டேன். 'பை பேக்கிங் கேக்ஸ்' என்ற கடைசி மூன்று சொற்கள் கண்ணில் பட்டும் கருத்தில் ஏறவில்லை. எந்த வீட்டில்தான் கேக் செய்யவில்லை என்று எண்ணினேன் போலும். 'மனுதாரருக்கு ஓய்வூதியம் தவிர வேறு வருவாய் இல்லை. திருப்பிச் செலுத்தும் திறன் ஐயத்துக்குரியது' என்று குறிப்பெழுதினேன். மேலாளர் விடுப்பில் இருந்தார். அவர் பொறுப்பை ஏற்றிருந்தவர் என் குறிப்பை நம்பிக் கையெழுத்திட்டார். மறுப்புக் கடிதம் அஞ்சலில் சென்றது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மேலாளர் பணிக்குத் திரும்பினார். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே எஞ்சியிருந்த வங்காளியர். தாம் இல்லாத நாட்களின் கோப்புகளை ஒன்று விடாமல் படிப்பவர். என்னை அழைத்தார். "இந்த அம்மையார் தம் ஓய்வூதியத்தை என்ன செய்வதாக எழுதியிருக்கிறார்?" என்று கேட்டார். அதை வைத்துக் காலம் தள்ளுவதாக எழுதியிருக்கிறார் என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. அலமாரியிலிருந்த அகராதியை எடுத்து, உரிய பக்கத்தைப் பிரித்து என் முன்னே வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அகராதியில் கண்ட முதற்பொருள் இது: போதாத ஒன்றோடு வேறொன்றைச் சேர்த்து அதைப் போதுமானதாக்குதல். அம்மையார் எழுதியிருந்ததன் பொருள், 'கேக் தயாரித்து விற்று என் கணவரின் ஓய்வூதியப் பற்றாக்குறையை இட்டு நிரப்புகிறேன்' என்பதாகும். வேறு வருவாய் இல்லை என்று நான் குறிப்பெழுதிய அதே மனுவில், வேறு வருவாய் உண்டு என்பதையே அவர் தம் முதன்மைச் செய்தியாகக் கூறியிருந்தார்.

அன்று மாலையே அவர் இல்லத்துக்குச் சென்றேன். சமையலறைச் சுவரில் ஆணியில் ஒரு குறிப்பேடு தொங்கியது. நான்கு ஆண்டுக் கேட்புகள் தேதி வாரியாக அதில் இருந்தன. வீட்டில் அடுப்பு இல்லாததால், கலந்த மாவைத் தகரத் தட்டுகளில் ஊற்றி, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக் கடைவீதி ரொட்டிக் கடைக்குக் கொண்டுசென்று, தட்டுக்கு இவ்வளவு எனக் கூலி கொடுத்து வேகவைத்து வாங்கி வந்தார். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அந்தக் கடையில் வரிசை நீளும். அந்த ஆண்டு வந்த கேட்புகளில் பாதியை, அடுப்பு இல்லை என்ற ஒரே காரணத்தால், எங்கள் மறுப்புக் கடிதம் கிடைத்த மறுநாளே அவர் திருப்பி அனுப்பியிருந்தார். கடன் ஜனவரியில் வழங்கப்பட்டது. டிசம்பர் போனது போனதுதான்.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

சொல்லின் பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இதற்கு 'கூட்டு', 'பெருக்கு', 'வளர்த்து' என்பவையே பொருள். துன்பமோ வறுமையோ இதன் பிறப்பில் இல்லை. இதே வேரில் 'கூட', 'மேலும்' என்று பொருள்படும் 'ஈக்' என்ற இடைச்சொல்லும் பழங்காலத்தில் இருந்தது. வில்லியம் கூப்பர் 1782 இல் எழுதிய ஜான் கில்பின் கதைப்பாட்டைப் பள்ளியில் பயின்ற மூத்த வாசகர்களுக்கு, அதன் தொடக்கத்திலேயே வரும் 'ஈக்' நினைவிருக்கலாம். அங்கே அது வினைச்சொல் அன்று. 'மேலும்' என்னும் பொருளுடையது. ஜெர்மானியர் இன்றும் 'மேலும்' என்பதற்கு வழங்கும் 'ஔஃக்' இதன் உடன்பிறப்பு.

உறவுகள் இன்னும் விரிவானவை. இலத்தீனில் 'பெருக்கு' என்று பொருள்படும் 'ஔகேரே' இதற்கு இனமான சொல் என்பர் மொழிநூலார். அந்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை, வங்கி வாடிக்கையாளர் நன்கறிந்த இரண்டு ஆங்கிலச் சொற்கள். ஒன்று 'ஆக்மென்ட்', அதாவது பெருக்குதல். மற்றொன்று 'ஆக்‌ஷன்', அதாவது ஏலம். கேட்கக் கேட்க விலை ஏறுவதால் அப்பெயர். (நம் 'ஏலம்' இவ்வழியில் வந்ததன்று, அது போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல்.) வலிமை, வீரியம் என்று பொருள்படும் வடமொழி 'ஓஜஸ்' என்பதையும் இக்குடும்பத்தில் சேர்ப்பர். ஒரு வேளை நம் தமிழ் 'ஈ', அதாவது கொடு என்பதும் உறவோ என்று சிலருக்குத் தோன்றலாம். இல்லை. அது தற்செயலான ஒலியொப்புமையே. நினைவில் வைக்க உதவுமானால் வைத்துக்கொள்க. உறவு மட்டும் கொண்டாட வேண்டாம்.

'நிக்நேம்' என்னும் சொல்லை அறியாதவர் இரார். பட்டப்பெயர் என்பது அதன் பொருள். இது முதலில் 'ஈக் நேம்' என்றே இருந்தது. இயற்பெயரோடு கூட்டப்பட்ட பெயர் என்பது கருத்து. உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஆன்' என வர வேண்டுமாதலால் 'ஆன் ஈக்நேம்' என்றனர். சொல்லச் சொல்ல, 'ஆன்' என்பதன் இறுதியில் உள்ள னகரம் பிரிந்து அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 'எ நீக்நேம்' ஆயிற்று. பின்னர் 'நிக்நேம்' என நிலைத்தது. இதற்கு நேர்மாறாகவும் நடந்ததுண்டு. சமையலறையில் அணியும் 'ஏப்ரன்' பண்டு 'நேப்ரன்' ஆக இருந்து, தன் னகரத்தை 'ஆன்' என்பதற்குத் தாரைவார்த்துவிட்டது. புணர்ச்சியைப் பிரித்துப் படித்துப் பழகிய தமிழர்க்கு இது வியப்பளிக்காது.

பெயர்ச்சொல்லாகவும் 'ஈக்' ஓரிரு மூலைகளில் உயிரோடு இருக்கிறது. தேனீ வளர்ப்போர், தேன்கூட்டுக்கு இடம் போதாதபோது பொருத்தும் கூடுதல் வளையத்தை 'ஈக்' என்பர். ஸ்காட்லாந்துச் சட்டத்தில், இறந்தவர் சொத்துகளின் பட்டியலை நீதிமன்றம் உறுதிசெய்த பின் வேறொரு சொத்து தெரியவந்தால், அதைச் சேர்க்கும் துணைப் பத்திரத்துக்கும் 'ஈக்' என்றே பெயர். எழுத்துக்கூட்டல் மட்டும் சற்று மாறும். மறந்துபோன வைப்புநிதி இரசீதுகள் அலமாரியின் அடியிலிருந்து வெளிவரும் வீடுகளை அறிந்தவர்களுக்கு இத்தகைய பத்திரத்தின் அருமை புரியும்.

ஆக, எங்கு தொட்டாலும் கூட்டல் என்பதே இச்சொல்லின் உயிர்.

எதை, எதனோடு?

இவ்வினையை ஆளும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எது போதவில்லை? அதனோடு எது சேர்க்கப்படுகிறது? போதாத பொருள் 'ஈக் அவுட்' என்பதற்குப் பின்னே செயப்படுபொருளாக வரும். சேர்க்கப்படும் பொருள் 'வித்' என்னும் சொல்லுக்குப் பின் வரும். சேர்க்கப்படுவது பொருளன்றிச் செயலாயின் 'பை' என்று தொடங்கி 'இங்' என்று முடியும்.

வரலாற்றிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். 1806 இல் நெப்போலியன் பிரிட்டனோடு வாணிகத்தைத் தடைசெய்தபின் ஐரோப்பாவில் காப்பிக்கொட்டை அரிதாயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் சிக்கரி வேரை வறுத்து அரைத்துக் காப்பித்தூளோடு கலக்கலாயினர். 'த ஃபிரெஞ்ச் ஈக்ட் அவுட் தெயர் காஃபி வித் சிக்கரி.' இங்கே போதாதது காப்பி, சேர்ந்தது சிக்கரி. அன்று பற்றாக்குறைக்காகச் சேர்த்ததை இன்று நாம் சுவைக்காகவே கேட்டு வாங்குகிறோம். கலவைத்தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று சட்டம் வரம்பு கட்டும் அளவுக்கு அந்தத் துணைப்பொருள் வளர்ந்துவிட்டது.

இரண்டாவது நம் அண்டை நிலத்தது. 1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வரும் அரிசி நின்றுபோனது. பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரில், வீட்டுக்கு வீடு மரவள்ளிக் கிழங்கே அரிசிக்குத் துணை நின்றது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே விசாகம் திருநாள் மன்னர் அக்கிழங்கைப் பயிரிட ஊக்கமளித்திருந்தது அப்போது பயன் தந்தது. 'திருவிதாங்கூர் ஈக்ட் அவுட் இட்ஸ் ரைஸ் வித் டாபியோகா.' அரிசி முற்றிலும் தீர்ந்து அதற்குப் பதில் கிழங்கு என்றிருந்தால் இவ்வினை பொருந்தாது. அப்போது 'ரீப்ளேஸ்டு' என்றே சொல்ல வேண்டும். குறைந்த அளவிலேனும் ஒன்று கையில் இருந்தால்தான் அதனோடு மற்றொன்றைக் கூட்ட முடியும்.

ஷேக்ஸ்பியர் இவ்விலக்கணத்தை ஒரு கை எண்ணெய்போல் வழுக்காமல் பிடித்திருக்கிறார். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில், மற்போருக்குச் செல்லும் இளைஞனுக்குத் தன் சிறு வலிமையும் துணையாகட்டும் என்று ரோசலிண்ட் வாழ்த்துகிறாள். அவள் வலிமை போதாது என்பதால் என் வலிமையையும் அதனோடு கூட்டிக்கொள்க என்னும் கருத்தில் தோழி சீலியா இவ்வினையை ஆள்கிறாள். 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்திலோ, கடலையும் கப்பற்படையையும் மேடையில் காட்ட இயலாத குறையை உங்கள் கற்பனையால் நிரப்புங்கள் என்று அவையோரை வேண்டும் இடத்தில் இதே வினை வருகிறது. ஓரிடத்தில் குறைவது வலிமை, மற்றோரிடத்தில் நடிப்பு. இரண்டிலும் பணமோ உணவோ இல்லை என்பதைக் கவனிக்க.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வடித்த சோறு நால்வருக்கு. வந்து நிற்பவர்கள் அறுவர். இல்லத்தரசி சலிக்காமல் ஓர் உப்புமாவைக் கிண்டி இறக்குகிறார். 'ஷி ஈக்ட் அவுட் த ரைஸ் வித் உப்புமா.' விருந்தினருக்கு இலக்கணம் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் பொருளும் மூன்றாம் பொருளும்

காலப்போக்கில் இவ்வினை இன்னொரு பொருளையும் ஏற்றது. எதையும் சேர்க்காமல், இருப்பதையே சிறுகச் சிறுகச் செலவிட்டு நெடுநாள் வரச் செய்தல். 'வீ ஈக்ட் அவுட் த கெரசின் டில் ஃபிரைடே', அதாவது 'மண்ணெண்ணெயை இழுத்துப் பிடித்து வெள்ளிக்கிழமை வரை ஓட்டினோம்'. கூட்டல் இங்கே பொருளில் நிகழவில்லை, காலத்தில் நிகழ்கிறது. இருப்பு மாறவில்லை, நாட்கள் கூடுகின்றன. எனவே இதைத் தாய்ப்பொருளின் நேரிய வளர்ச்சி எனலாம்.

மூன்றாவது பொருள்தான் வம்புக்குரியது. 'ஈக் அவுட் எ லிவிங்', 'ஈக் அவுட் ஆன் எக்ஸிஸ்டன்ஸ்' என்னும் தொடர்களில், 'ஈக் அவுட்' என்பதற்குப் பின்னே வருவது போதாத பொருளன்று. பாடுபட்டு அடைந்த பயன். பிழைப்பு என்பது கையிருப்பன்று, விளைவு. 19 ஆம் நூற்றாண்டிலேயே இவ்வழக்கு வேரூன்றிவிட்டது. ஆங்கில வழக்குகளை ஆராய்ந்து 1926 இல் நூல் வெளியிட்ட எச்.டபிள்யூ. ஃபௌலர் இதைப் பிழையென்றே கண்டித்தார். வருவாயை ஈக் அவுட் செய்யலாம், பிழைப்பை ஈக் அவுட் செய்ய இயலாது என்பது அவர் கட்சி. உலகம் அவர் சொல்லைக் கேட்கவில்லை. இன்றைய அகராதிகள் மூன்றாம் பொருளையும் ஏற்கின்றன. நாளிதழ்களில் மிகுதியாக வருவதும் அதுவே. விளையாட்டுப் பக்கத்தில் 'ஈக்ட் அவுட் எ வின்' என்றுகூட எழுதுகிறார்கள். தட்டுத்தடுமாறி வெற்றியைப் பறித்தனர் என்பது பொருள்.

இதில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபௌலர் தோற்றார் என்பது உண்மை. மூன்றாம் பொருளில் எழுதுபவரை நான் திருத்துவதில்லை. ஆனால் படிக்கும்போது அவர் வகுத்த வேறுபாட்டை மறக்கலாகாது. பின்னே வரும் சொல்லைப் பாருங்கள். 'லிவிங்', 'லைவ்லிஹுட்', 'எக்ஸிஸ்டன்ஸ்' என வந்தால் வறுமையைக் கூறுகிறது. 'பென்ஷன்', 'சேலரி', 'இன்கம்', 'சேவிங்ஸ்' என வந்து, அப்பால் 'வித்' அல்லது 'பை' தொடர்ந்தால், வருவாய்க்கு இன்னொரு வாய்க்கால் இருப்பதைக் கூறுகிறது. முன்னது கடன் பெறுவோரின் இயலாமையைக் காட்டலாம். பின்னது பெரும்பாலும் அவர் முயற்சியைக் காட்டும். நான் கரக்பூரில் பார்க்கத் தவறியது இந்த ஒரு சொல்லின் இடத்தை மட்டுமே.

தமிழில் இந்த இடர்ப்பாடு நேர்ந்திராது. நாம் மூன்று பொருளுக்கும் மூன்று வழக்குகளை வைத்திருக்கிறோம். முதலாவதற்கு 'இட்டு நிரப்பு', 'ஈடுகட்டு' என்போம். இரண்டாவதற்கு 'இழுத்துப் பிடித்து ஓட்டு' என்போம். மூன்றாவதற்கு 'வயிற்றைக் கழுவு', 'காலம் தள்ளு', 'கைக்கும் வாய்க்குமாகப் பிழை' என்போம். ஆகவே மொழிபெயர்க்கும்போது ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்று நெட்டுருப் போட்டு வைத்திருப்பவர் தவறாமல் இடறுவார். நான் நெட்டுருப் போட்டிருந்தது மூன்றாவதை.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்பவற்றோடு 'ஈக்ஸ்' என வரும். இறந்தகால வடிவத்தின் இறுதியில் 'டி' என்னும் எழுத்தை எழுதினாலும், 'டாக்டு' என்பது 'டாக்ட்' ஆவதுபோல வல்லோசையாக 'ஈக்ட்' என்றே ஒலிக்க வேண்டும். 'இங்' சேரும்போது இறுதி 'ஈ' எழுத்து கெட்டு 'ஈக்கிங்' ஆகும். இரண்டு 'ஈ' எழுத்துகளை முன்னே சேர்த்து எழுதுவது பெரும்பிழை. அது எலியைக் கண்டவர் எழுப்பும் கூச்சலைக் குறிக்கும் வேறொரு சொல். மனுவில் அப்படி எழுதினால் மேலாளர் நாற்காலியின் மேல் ஏறி நிற்க வேண்டியதுதான்.

செயப்படுபொருள் 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயராக இருந்தால் அது நடுவில் அமரும். 'ஈக் இட் அவுட்' என்பதே சரி. 'ஈக் அவுட் இட்' என்பது வழு. பெயர்ச்சொல்லாயின் பின்னே வருவதே இயல்பு. 'அவுட்' என்பதை விட்டுவிட்டு 'ஈக் எ லிவிங்' என்று எழுதுவதையும் தவிர்க்க.

நெருங்கிய சொற்களோடு மயங்காதிருக்கவும் வேண்டும். 'ஸ்க்ரிம்ப்' என்பது வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலவைக் குறைத்தல். 'ஸ்ட்ரெச்' என்பது உள்ளதை நீட்டுதல். இது 'ஈக் அவுட்' என்பதன் இரண்டாம் பொருளுக்கு அண்டை வீடு. 'சப்ளிமென்ட்' என்பது முதற்பொருளுக்கு மிக அருகில் இருப்பது. எனினும் 'சப்ளிமென்ட்' செய்பவர் செல்வராகவும் இருக்கலாம். 'ஈக் அவுட்' செய்பவரிடம் இருப்பது போதாது என்பது சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பெருந்தொழிலதிபர் ஒருவர் தம் பங்காதாயத்தை வாடகை வருமானத்தால் ஈக் அவுட் செய்கிறார் என்று எழுதினால் படிப்பவர் நகைப்பர். 'ஹஸ்பண்ட்' என்பதும் வினையாக வருவதுண்டு. 'டு ஹஸ்பண்ட் ஒன்ஸ் ரிசோர்சஸ்' என்றால் உள்ள வளத்தைச் சிதறவிடாமல் ஆளுதல். இல்லத்தை ஆள்பவன் என்ற பழம்பொருளிலிருந்து வந்த வினை இது. எல்லாக் கணவர்க்கும் பொருந்துமா என்பதை வாசகர்களின் இல்லங்களே முடிவுசெய்யட்டும்.

பயிற்சி

கீழ்க்காணும் தமிழ் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். விடைகளை முதலில் பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் மூன்று பொருள்களுள் எது வருகிறது என்பதையும் குறித்துக்கொள்க.

ஒன்று: மாலை நேரத்தில் தனிப்பாடம் நடத்தி அவர் தம் சம்பளப் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறார்.

இரண்டு: மாதக் கடைசி வரை பால்மாவை இழுத்துப் பிடித்து ஓட்டினோம்.

மூன்று: கற்கள் நிறைந்த நிலத்தில் பாடுபட்டு அவர்கள் வயிற்றைக் கழுவுகிறார்கள்.

நான்கு: சர்க்கரை குறைவாக இருக்கிறது, வெல்லம் சேர்த்து அதை நிரப்பு.

விடைகள். முதலாவது: 'ஹி ஈக்ஸ் அவுட் ஹிஸ் சேலரி பை கிவிங் டியூஷன்ஸ்.' முதற்பொருள், சேர்க்கப்படுவது செயலாதலால் 'பை' வந்தது. இரண்டாவது: 'வீ ஈக்ட் அவுட் த மில்க் பவுடர் டில் தி எண்ட் ஆஃப் த மன்த்.' இரண்டாம் பொருள், 'வித்' தேவையில்லை. மூன்றாவது: 'தே ஈக் அவுட் எ லிவிங் ஃப்ரம் ஸ்டோனி லேண்ட்.' மூன்றாம் பொருள். இங்கே 'ஃப்ரம்' வருவதைக் கவனிக்க. நான்காவது: 'தேர் இஸ் வெரி லிட்டில் சுகர், ஈக் இட் அவுட் வித் ஜாகரி.' முதற்பொருள், 'இட்' நடுவில் அமர்ந்தது.

ஐந்தாவதாக ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தருகிறேன்; இதைத் தமிழாக்குக. 1986 இல் நான் கரக்பூரிலிருந்து மாற்றலாகிச் செல்லவிருந்த வாரத்தில், அந்த அம்மையார் தம் கடனை உரிய தவணைக்கு முன்பே முடித்துக் கணக்கை மூடக் கோரிக் கடிதம் எழுதியிருந்தார். அதே சாய்வெழுத்து. அதில் ஒரு வரி: 'த பென்ஷன் நவ் ஈக்ஸ் அவுட் த கேக்ஸ்.'

எது போதாதது, எது சேர்க்கப்படுவது என்று இம்முறை நான் நிதானமாகவே பார்த்தேன். 'இப்போது கேக் வருமானத்துக்கு ஓய்வூதியம்தான் துணைக்கு நிற்கிறது' என்பது விடை.